கலர் விற்க வந்த கறுப்பு

எங்கள் அலுவலக நாடகக் குழுவில் எனக்குக் கிடைத்த ஒரே வேடம் பிராம்ப்டர், அதாவது வசனம் மறந்தவருக்கு மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பவன். சைடு விங்கில் ஒரு ஸ்டூல், மடியில் ஸ்கிரிப்ட், தலைக்கு மேலே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. ஒருமுறை எங்கள் கதாநாயகன் இரண்டாம் காட்சியின் பாதியிலிருந்து நேராக நான்காம் காட்சி வசனத்துக்குத் தாவிவிட்டார், எதிரே நின்றவரும் ஒரு நொடி முழித்துவிட்டு அதற்குப் பொருத்தமான பதிலையே சொல்லிவிட்டார், நான் இந்தப் பக்கம் தாள்களைப் புரட்டிக்கொண்டு மூன்றாம் காட்சியில் வரவேண்டிய போஸ்ட்மேனை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் வேர்த்துக் கொட்டினேன். போஸ்ட்மேன் வரவேயில்லை. கடிதம் வராமலே கல்யாணம் நடந்தது. பார்த்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அது வருடத்துக்கு இரண்டு நாடகம் போடும் குழு. அதற்கே அந்தப் பாடு. அதனால்தான், 1950களில் அமெரிக்காவில் ஒரு டிவி நிறுவனம் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மதியம் ஒரு மணி நேர நாடகம், ஒவ்வொரு நாளும் வேறு கதை, வேறு நடிகர்கள், எல்லாமே லைவ், போதாக்குறைக்குக் கலரில் போட்டது என்று படித்தபோது, முதலில் என் மனம் அந்த ஸ்டுடியோவின் பிராம்ப்டரைத்தான் தேடியது. பாவம், அந்த மனுஷன் எப்படித் தூங்கியிருப்பான்!

நிகழ்ச்சியின் பெயர் மாட்டினி தியேட்டர். என்பிசியில் 1955 அக்டோபர் 31, திங்கட்கிழமை ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவில் பர்பாங்க் என்ற ஊரில் என்பிசி கட்டியிருந்த புது ஸ்டுடியோவிலிருந்து அங்கே பகல் பன்னிரண்டு மணிக்கு நடிப்பார்கள், அது அதே நொடியில் நியூயார்க்கில் மதியம் மூன்று மணிக்குத் தெரியும். கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் டிவிக்காக இணைத்த தொடர்பு வேலை செய்ய ஆரம்பித்தே நான்கு வருடம்தான் ஆகியிருந்தது (1951 செப்டம்பர்). 1958 ஜூன் வரை ஓடியது. இரண்டே முக்கால் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாடகங்களின் எண்ணிக்கை 600-ஐத் தாண்டும்.

திரும்பப் படியுங்கள். அறுநூறு நாடகம். நாங்கள் அந்தக் கணக்கை எட்ட முன்னூறு வருடம் ஆகியிருக்கும்.

சரி, இதில் என்னை உண்மையாகவே பிடித்து உட்காரவைத்தது எண்ணிக்கை அல்ல, ஒரு முரண். கலர் டிவி விற்பதற்காகப் போட்ட நிகழ்ச்சி இது. ஆனால் திரையில் பாதிக்கு மேல் கறுப்பு. கறுப்பு வெள்ளை என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. நிஜமான இருட்டு. சுவர் கிடையாது, ஜன்னல் கிடையாது, வீடு கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கதவுச் சட்டம், அப்புறம் முகங்கள்.

அதற்கு வருவதற்கு முன்னால், மதியத்தில் ஏன் நாடகம் என்று சொல்லிவிடுகிறேன். அப்போது அமெரிக்க டிவியில் லைவ் நாடகம் என்பது ராத்திரி சமாச்சாரம். கணவன் வேலையிலிருந்து வந்து, குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பது. பெரிய எழுத்தாளர்கள், பெரிய நடிகர்கள், பத்திரிகையில் விமர்சனம் எல்லாம் அதற்குத்தான். பகல் நேரம் இல்லத்தரசிகளுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள், அவர்களுக்குக் கொடுத்தது பதினைந்து நிமிட சோப் ஆப்பரா. சோப்புக் கம்பெனிக்காரர்கள் காசு போட்டதால் வந்த பெயர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம், நாலு நாள் பார்க்காவிட்டாலும் கதை நகர்ந்திருக்காது, அழுகைக்குப் பஞ்சமிருக்காது. நம் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் என்பிசியின் தலைவராக இருந்தவர் பாட் வீவர். (நடிகை சிகர்னி வீவரின் அப்பா. இந்தத் தகவலை எங்காவது நுழைக்காமல் விட எனக்கு மனசு வரவில்லை.) காலையில் வரும் டுடே, இரவில் வரும் டுநைட் இரண்டும் அவர் காலத்தில் பிறந்தவை. ஒரு நிகழ்ச்சியை ஒரே கம்பெனி மொத்தமாக வாங்கி, கதையில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று நாட்டாமை செய்வது அவருக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகையில் பக்கம் விற்கிற மாதிரி நிமிடக் கணக்கில் விளம்பர இடத்தைப் பல கம்பெனிகளுக்கு விற்றால், நிகழ்ச்சி நம் கையிலேயே இருக்கும் என்பது அவர் கணக்கு. மாட்டினி தியேட்டரும் அப்படித்தான் விற்கப்பட்டது. அதனால்தான் ஒரு சோப்புக்கார முதலாளிக்குப் பயப்படாமல் தினம் ஒரு கதை என்று துணிய முடிந்தது.

இன்னொரு காரணம்தான் பெரிய காரணம். என்பிசியின் முதலாளி ஆர்சிஏ. ஆர்சிஏ டிவிப் பெட்டி செய்து விற்கிற கம்பெனி. அமெரிக்காவின் கலர் ஒளிபரப்பு முறைக்கு 1953 டிசம்பரில் அரசு அனுமதி கிடைத்தது, மறுவருடமே ஆர்சிஏ தன் முதல் கலர் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, விலை 1,000 டாலர். அப்போது ஒரு புது செவர்லே காரின் விலையில் பாதிக்கு மேல். படமோ பதினைந்து அங்குலப் படக்குழாயில். யார் வாங்குவார்கள்? கடைக்காரர் ஷோரூமில் ஓடவிட்டுக் காட்டினால்தானே வாங்குவார்கள். ஆனால் கலர் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ராத்திரி வரும், கடை திறந்திருப்பது பகலில். வாடிக்கையாளர் நடு மதியம் உள்ளே வந்தால், ஆயிரம் டாலர் கலர் பெட்டியில் கறுப்பு வெள்ளைதான் ஓடிக்கொண்டிருக்கும். ஆக, கடை திறந்திருக்கும் நேரத்தில் தினமும் ஒரு மணி நேரம் உத்தரவாதமாகக் கலர் வேண்டும். இலக்கியத்தின் மேல் வந்த காதல் அல்ல இது, வியாபாரம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோயில் மண்டபம் கட்டியவர் புண்ணியத்துக்குக் கட்டினாரா பெயருக்குக் கட்டினாரா என்று பார்த்தா நாம் நிழலில் உட்காருகிறோம்?

இந்த வேலையை ஆல்பர்ட் மெக்ளீரி என்ற தயாரிப்பாளரிடம் கொடுத்தார்கள். அவர் ஏற்கனவே 1950லிருந்து கேமியோ தியேட்டர் என்ற பெயரில் ஒரு பரிசோதனை செய்துகொண்டிருந்தார். சுற்றிலும் பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்க நடுவில் நடிக்கும் அரங்க நாடகம்தான் அவருக்கு அடிப்படை. அந்த மாதிரி நாடகத்தில் செட் போட முடியாது, போட்டால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். டிவியில் பார்வையாளர்கள் உட்காரும் இடத்தில் கேமராக்களை வைத்தார். நடுவில் நடிகர்கள், சுற்றிலும் இருட்டு, இருட்டுக்குள்ளிருந்து கேமராக்கள் எந்தப் பக்கத்திலிருந்தும் எட்டிப்பார்க்கும். மறைக்கச் சுவர் இல்லை, சுற்றிலும் இருட்டு என்பதால் கேமராக்கள் ஒளிந்துகொள்ள வசதி. மற்றபடி முகம், முகம், முகம். க்ளோசப்தான் அவருடைய மொழி.

நம் கூத்தை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று புரியும். இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரைத்துணி, ஒரு பெட்ரோமாக்ஸ், பின்னால் ஊரே இருட்டு. கட்டியங்காரன் வந்து இது துரியோதனன் சபை என்றால் சபைதான். யாரும் தூண் எங்கே என்று கேட்பதில்லை. மெக்ளீரிக்குக் கூத்து தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் தினம் ஒரு சபை, ஒரு வீடு, ஒரு சிறைச்சாலை கட்டக் காசும் இல்லை நேரமும் இல்லை என்று ஆனபோது அவரும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். தினமும் புது செட் போட்டு, பிரித்து, மறுநாள் வேறு செட் போடுவது என்றால் அந்த நிகழ்ச்சி ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

இப்போது அந்த முரணுக்கு வருகிறேன். கலரில் லைவ் எடுக்க ஆர்சிஏ செய்த கேமராவுக்கு டிகே-41 என்று பெயர். கேமராத் தலை மட்டுமே நூறு கிலோவுக்கு மேல். உள்ளே மூன்று படக்குழாய்கள், சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்றும் எடுக்கும் படம் ஒன்றின் மேல் ஒன்று அச்சு அசலாக உட்கார வேண்டும், கொஞ்சம் விலகினாலும் நடிகையின் மூக்கு நுனியில் ஒரு பச்சைக் கோடு. அதனால் பொறியாளர்கள் ஒளிபரப்புக்கு முன்னால் நெடுநேரம் அதைச் சூடாக்கி, திருகி, சரிசெய்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கேமராவுக்கு வெளிச்சம் போதவே போதாது. லைட்டுகளின் சூட்டில் மேக்கப் உருகும். இப்படி வெளிச்சத்தை விழுங்கும் ஒரு மிருகத்தை வைத்துக்கொண்டு இருட்டை எடுக்க வேண்டும்! நடிகர் முகத்தில் கொட்டுகிற வெளிச்சம் பின்னாலோ தரையிலோ சிந்தக்கூடாது, சிந்தினால் இருட்டு போய் சாம்பல் நிற ஸ்டுடியோ தெரிந்துவிடும். லைட் போட்டவர்களின் வேலையை நினைத்தால் நான் பிராம்ப்டராகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றுகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள், கறுப்புப் பின்னணியில் ஒரு சிவப்புச் சால்வை எப்படி நிற்கும்! பட்டுக்கடையில் புடவையை விரிக்கும்போது கீழே வெள்ளைத் துணி விரித்திருப்பார்களே, அதே தந்திரத்தின் தலைகீழ். ஷோரூமில் நிற்கிற வாடிக்கையாளர் பார்க்க வேண்டியது அழகான வீட்டுச் சுவர் அல்ல, மனுஷ முகம் மனுஷ நிறத்தில் இருக்கிறதா என்பதைத்தான். அந்தக் கணக்கில் இருட்டு நல்ல வியாபாரம். தவிர, வீட்டிலிருந்து பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலானோரிடம் இருந்தது பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். கலர் ஒளிபரப்பை அதிலும் பார்க்க முடியும் என்பதுதான் அந்த அமெரிக்க முறையின் சிறப்பே. அவர்களுக்கும் முகம் தெளிவாகத் தெரிந்தது.

ஒவ்வொரு நாடகத்துக்கும் சில நாள் ஒத்திகை உண்டு. தினம் ஒன்று ஒளிபரப்பாக வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? ஒரு குழு ஸ்டுடியோவில் நடித்துக்கொண்டிருக்கும்போதே வேறு குழுக்கள் வேறு அறைகளில் அடுத்தடுத்த நாட்களுக்கான கதைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இயக்குநர்கள் முறை வைத்து மாறி மாறி வர வேண்டும். ஹோட்டல் சமையலறை மாதிரி, ஒரு அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது இன்னொன்றில் நாளைக்கான மாவு. லாமண்ட் ஜான்சன், வால்டர் கிராமன், போரிஸ் சேகல், பின்னாளில் ஆஸ்கர் அகாதெமியின் தலைவராக இருந்த ஆர்தர் ஹில்லர் என்று பலர் இங்கே இயக்கிப் பழகியவர்கள். வாரம் தவறாமல் லைவ் நாடகம் இயக்கியவனுக்கு அப்புறம் சினிமா ஷூட்டிங்கில் என்ன பயம் வரப்போகிறது, தப்பு வந்தால் கட் சொல்லலாமே.

கட் சொல்ல முடியாது என்பதுதான் லைவின் மொத்தக் கதையும். டேப் அப்போது இல்லை. ஆம்பெக்ஸ் கம்பெனி வீடியோ டேப் இயந்திரத்தை முதன்முதலில் காட்டியதே 1956 ஏப்ரலில்தான், அதாவது இந்த நிகழ்ச்சி ஓட ஆரம்பித்து ஐந்தரை மாதம் கழித்து. ஆகவே வசனம் மறந்தால் மறந்ததுதான். கதவு திறக்காவிட்டால் திறக்காததுதான்.

இந்த மாதிரி விபத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது மாட்டினி தியேட்டரில் நடந்ததல்ல, அதற்கும் முன்னால் 1952 ஜனவரியில், ஏபிசி என்ற இன்னொரு சேனலில் ஒரு ராத்திரித் தொடரில் நடந்தது. ஃபிராங்கன்ஸ்டைன் கதை. ராட்சசனாக நடித்தவர் லான் சேனி ஜூனியர். நாற்காலியைத் தூக்கி அடித்து நொறுக்க வேண்டிய காட்சி. அவர் அதை இன்னும் ஒத்திகை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். உடைகிற மாதிரிச் செய்த நாற்காலியை ஒத்திகையிலேயே உடைத்துவிட்டால் நிஜத்துக்கு வேண்டாமா? பொறுப்பான மனிதர். உறுமிக்கொண்டே தூக்குகிறார், பிறகு மெதுவாக, பத்திரமாகக் கீழே வைக்கிறார். நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது, பார்க்கும்போது சிரிப்பை அடக்க முடியாது, ஆனால் நாடகம் போட்டவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்கள் சிரிக்க மாட்டார்கள், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

பிரிட்டனில் பிபிசி லைவ் நாடகங்களில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள், என் ஜாதிக்காரர்களுக்கானது என்பதால் சொல்கிறேன். பிராம்ப்டர் கையில் ஸ்கிரிப்டோடு ஒரு பொத்தானும் இருக்கும். நடிகர் திகைத்து நின்றால் அதை அமுக்கினால் போதும், ஸ்டுடியோவின் ஒலி ஒளிபரப்பில் அப்படியே நின்றுவிடும், அந்த இடைவெளியில் வசனத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பொத்தானை விட வேண்டும். வீட்டில் இருப்பவர் டிவி ஒரு நொடி மக்கர் செய்தது என்று நினைத்துக்கொள்வார். அந்தப் பொத்தான் மட்டும் என்னிடம் இருந்திருந்தால் அந்தப் போஸ்ட்மேன் வந்து சேர்ந்திருப்பார்.

மாட்டினி தியேட்டரிலும் ஃபிராங்கன்ஸ்டைன் போட்டார்கள், 1957 பிப்ரவரியில். ராட்சசன் யார் தெரியுமா, பிரைமோ கார்னெரா. 1933-ல் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் உலக சாம்பியன் ஆன இத்தாலிக்காரர், ஆறரை அடி உயரம். அதற்கு முந்தைய நவம்பரில் டிராகுலா, ஜான் கேரடைன் நடித்தது. மதியம் மூன்று மணிக்கு, குழந்தைகள் பள்ளியிலிருந்து திரும்புகிற நேரத்தில், சமையலறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு டிராகுலா! பதினைந்து நிமிட அழுகைதான் இவர்களுக்குச் சரிப்படும் என்று முடிவு கட்டியிருந்த ஆட்களின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். புது எழுத்தாளர்களின் கதைகளும் வந்தன, பழைய நாவல்களும் வந்தன. எல்லாமே பிரமாதமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அறுநூறில் பாதி சுமாராக இருந்திருக்கும், கொஞ்சம் தண்டமாகவும் இருந்திருக்கும். அந்த வேகத்தில் அது நியாயம்தான். 1956-ல் பகல் நேர நிகழ்ச்சிக்கான எம்மி (அமெரிக்க டிவிக்கான விருது) இதற்குத்தான் கிடைத்தது.

ஜான் காண்டே என்பவர் தினமும் வந்து நின்று நாடகத்தை அறிமுகப்படுத்துவார். பின்னாளில் இவர் பாம் ஸ்பிரிங்ஸில் சொந்தமாக ஒரு டிவி நிலையமே ஆரம்பித்தார்.

எதனால் நின்றது? பணம். செட் இல்லாவிட்டாலும் தினம் புது நடிகர்கள், புது ஸ்கிரிப்ட், கலர் ஸ்டுடியோ. இதே என்பிசியில் 1956 ஜனவரியில், மாட்டினி தியேட்டர் முடிந்த பிறகு வரும் மாதிரி, குயின் ஃபார் எ டே என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. கஷ்டப்படும் பெண்கள் நாலைந்து பேர் மேடையில் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். யாருக்கு அதிகம் கைதட்டல் என்று ஒரு மீட்டர் வைத்து அளப்பார்கள். அதிகம் வாங்கியவருக்குக் கிரீடம், சிவப்பு அங்கி, வாஷிங் மெஷின் மாதிரி ஏதாவது பரிசு. நடிகர் சம்பளம் இல்லை, எழுத்தாளர் இல்லை, ஒத்திகை இல்லை, அழுகை மட்டும் அசல். பகல் நேரத்தில் அதுதான் முதலிடத்துக்குப் போனது, அரை மணி நேரமாக இருந்ததை முக்கால் மணி நேரமாக நீட்டினார்கள், விளம்பரம் அதிகம் போடலாமே. போட்டிச் சேனலான சிபிஎஸ் 1956 ஏப்ரல் 2 அன்று ஒரே நாளில் இரண்டு அரை மணி நேர சோப் ஆப்பராக்களை ஆரம்பித்து, இரண்டுமே பல பத்தாண்டுகள் ஓடின. தினமும் அதே வீடு, அதே சோபா, அதே முகங்கள். செட்டை ஒருமுறை போட்டால் போதும்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வரவில்லை. வாரம் ஐந்து நாளும் புதுசாக ஐந்து மனிதர்களை அறிமுகம் செய்துகொண்டு, ஒரு மணி நேரத்தில் அவர்களை விட்டுப் பிரிவது பார்ப்பவருக்கும் வேலைதான். மதியம் தனியாக வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியது பக்கத்து வீட்டுக்காரியாக இருந்திருக்கலாம், நேற்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிற ஒருத்தி.

1958 ஜூன் 27, வெள்ளிக்கிழமை கடைசி. திங்கட்கிழமை அதே மூன்று மணிக்கு ஒரு அரை மணி நேர சோப் ஆப்பரா, மூன்றரைக்கு இன்னொன்று. இடம் காலியாகவே இருக்கவில்லை.

டேப் இல்லாத காலத்தில் லைவ் நிகழ்ச்சியைச் சேமிக்க ஒரே வழி கினஸ்கோப். ஒரு மானிட்டரின் முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்துத் திரையை அப்படியே படம் பிடிப்பது. மங்கலாகத்தான் இருக்கும், ஓரங்கள் வளையும். அறுநூறுக்கு மேற்பட்ட நாடகங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. தப்பியவை பெரும்பாலும் இப்படி எடுத்த கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள்தான். நாடு முழுக்கக் கலர் பெட்டி விற்கப் புறப்பட்ட நிகழ்ச்சியில், அந்த இருட்டு மட்டும் அசல் நிறத்தில் மிஞ்சியிருக்கிறது.

போன ஞாயிறு மதியம் இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண் டிவியில், ஒரு காது என்னிடம். கூத்து உதாரணம் சொன்னபோது தலையாட்டினாள், டிராகுலாவுக்கு முகம் சுளித்தாள். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி: “கலிஃபோர்னியாவில பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு முடிஞ்சா, அவங்கல்லாம் எப்போடா சமைச்சு எப்போ சாப்பிட்டாங்க?”

எனக்குத் தெரியாது என்றேன். சரி, மோரை எடு என்றாள்.